முட்டுச்சந்துகளைத் திறந்தவர்கள்

1984-ல் வெளியான ‘கிங்ஸ் குவெஸ்ட்’ கணினி விளையாட்டில் ஒரு குள்ளக் கிழவன் வருவான். தன் பெயர் என்ன என்று கேட்பான். மூன்று வாய்ப்பு. கிரிம் சகோதரர்களின் கதை தெரிந்தவருக்கு ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயர் உடனே நினைவுக்கு வரும். தட்டினால், தவறு. சூனியக்காரியின் வீட்டில் கிடைக்கும் சீட்டு, பின்னாலிருந்து யோசித்துப் பார் என்று துப்புக் கொடுக்கும். சரியென்று பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதினால் அதுவும் தவறு. திருப்ப வேண்டியது பெயரை இல்லை, ஆங்கில அகரவரிசையை. ஏ-க்குப் பதில் இஸட், பி-க்குப் பதில் ஒய் என்று மாற்றிக்கொண்டே போனால், வாயில் நுழையாத 15 எழுத்து வரும். அதுதான் விடை.

விடை தெரியாதவர் ஆட்டத்தைத் தொடர வேறொரு வழி இருந்தது; மதிப்பெண்தான் குறையும். ஆனாலும் அந்தக் கிழவனிடம் தோற்றவர்கள் அவனை மறக்கவில்லை. 1990-ல் இதே விளையாட்டை, அதை உருவாக்கிய சியரா நிறுவனமே புதுப்பித்தபோது, பெயரைத் திருப்பி எழுதினாலே போதும் என்று புதிரை இளக்கிவிட்டது.

அதற்கும் பத்தாண்டு கழித்து, சம்பளம் வாங்காத சில ரசிகர்கள் இந்த விளையாட்டை மூன்றாவது முறையாகச் செய்ய உட்கார்ந்தார்கள். படம் வரைவதும் நிரல் எழுதுவதும் கற்றுக்கொண்டால் வந்துவிடும் வேலைகள். கிழவனை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். பழைய விளையாட்டின் எந்தக் கொடுமை வெறும் கொடுமை, எந்தக் கொடுமை அந்த விளையாட்டின் உயிர்? ரீமேக் செய்கிறவர் ஒவ்வொரு திரையிலும் இதை முடிவு செய்தாக வேண்டும்.

சியரா கலிபோர்னியாவின் ஓக்ஹர்ஸ்ட் என்ற மலையடிவாரச் சிற்றூரில் இயங்கிய நிறுவனம். கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி நடத்தியது. ஐ.பி.எம். தன் பி.சி. ஜூனியர் கணினியின் திறமையைக் காட்ட ஒரு விளையாட்டு கேட்க, ராபர்ட்டா வடிவமைத்தது ‘கிங்ஸ் குவெஸ்ட்’. அந்தக் கணினி விலைபோகவில்லை, விளையாட்டு நிலைத்துவிட்டது. அதுவரை சாகச விளையாட்டுகளில் அசையாத படமும் அதன்கீழ் எழுத்தும்தான் இருக்கும். இதிலோ நாயகன் சர் கிரஹாம் மரத்துக்குப் பின்னால் போனால் மறைந்தான், முன்னால் வந்தால் தெரிந்தான். 16 நிறம், அகலத்தில் 160 புள்ளி. கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

1990-ல் வந்த ஐந்தாம் பாகம் எல்லாவற்றையும் மாற்றியது. 256 நிறம், காகிதத்தில் கையால் தீட்டி ஸ்கேன் செய்த பின்னணிகள், தட்டச்சு போய், மவுஸால் தொடும் ஐகான்கள். நடக்க ஒன்று, பார்க்க ஒன்று, எடுக்க ஒன்று, பேச ஒன்று. பாயிண்ட் அண்ட் கிளிக் என்றதும் சியரா ரசிகருக்கு மனதில் வருவது இந்தத் தோற்றம்தான். இந்த அழகைப் பார்த்துவிட்டு முந்தைய பாகங்களுக்குத் திரும்பியவர்களுக்கு ஏக்கம் வந்ததில் வியப்பில்லை. சியராவும் ‘ஸ்பேஸ் குவெஸ்ட்’, ‘லெஷர் சூட் லாரி’, ‘போலீஸ் குவெஸ்ட்’, ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ ஆகிய தொடர்களின் முதல் பாகங்களை 1991, 92-ல் இந்தப் பாணிக்கு மாற்றியது. அதோடு மறுஆக்கக் கடையைக் கட்டிவிட்டது. 1990-ன் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ மறுஆக்கம் 16 நிறத்திலேயே, தட்டச்சோடேயே வந்து, எதிர்பார்த்தபடி விற்காமலும் போயிருந்தது. நல்ல கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குச் சாயம் என்பதுபோன்ற முணுமுணுப்பும் அப்போது எழுந்தது.

ஆக, ஐந்துக்கு முந்தைய ‘கிங்ஸ் குவெஸ்ட்’ எதுவும் வி.ஜி.ஏ. எனப்படும் 256 நிற வடிவத்துக்கு வரவில்லை. ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’யின் நிலைமை இன்னும் விசித்திரம். முதல் பாகம் புதுப்பிக்கப்பட்டது, மூன்றாவது புதிதாகவே வந்தது. நடுவில் இரண்டாம் பாகம் மட்டும் 16 நிறத்தில், தட்டச்சோடு தனித்து நின்றது. 1996-ல் சியரா கைமாறியது. 1999 பிப்ரவரியில் ஓக்ஹர்ஸ்ட் அலுவலகத்தின் விளையாட்டுப் பிரிவை இழுத்து மூடினார்கள். பெயரும் உரிமையும் நிறுவனம் விட்டு நிறுவனம் போய்க்கொண்டிருந்தன. மீதியைச் செய்ய யாரும் வரப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டது.

இந்த வெற்றிடத்தில் 2001-ல் ஒரு குழு ‘கிங்ஸ் குவெஸ்ட்’ முதல் பாகத்தின் வி.ஜி.ஏ. வடிவத்தை இலவசமாக வெளியிட்டது. அப்போது டியெரா என்ட்டர்டெயின்மென்ட் என்று பெயர், பிறகு ஏ.ஜி.டி. இன்டராக்டிவ். கிரஹாமுக்குக் குரல் கொடுத்தவர் ஜோஷ் மாண்டெல், அதாவது ஐந்தாம் பாகத்தின் குறுந்தகட்டுப் பதிப்பில் அதே கிரஹாமாகப் பேசிய சியராக்காரர். ரசிகர் படைப்பில் அசல் கிரஹாமின் குரல் கேட்டபோது பலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் பிடித்த ஆயுதம் அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ, சுருக்கமாக ஏ.ஜி.எஸ். கிறிஸ் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் 1997-ல் தொடங்கி இலவசமாகக் கொடுத்த கருவி. சியரா விளையாட்டின் இலக்கணம் அதன் எலும்பிலேயே இருந்தது: அறை, பாத்திரம், பொருள், உரையாடல். கல்லூரி மாணவரும் வார இறுதியில் ஓர் அறையை உருவாக்கி, அதில் ஒருவனை நடக்க வைத்துவிடலாம்.

நடக்க வைப்பது எளிது. சரியாக நடக்க வைப்பதில்தான் மாதங்கள் கரையும்.

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரை, ஓரத்தில் ஒரு பெரிய மரம். 320-க்கு 200 என்ற அளவில் மொத்தம் 64,000 புள்ளிகள். இன்றைய கைபேசித் திரையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அந்த இடத்தில் நீரின் ஒளியும் தெரிய வேண்டும், மரப்பட்டையின் சொரசொரப்பும் தெரிய வேண்டும். பெரிதாகத் தீட்டிச் சுருக்கினால் எல்லாம் மங்கிக் கூழாகிவிடும். பிறகு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு விளிம்புகளை மீட்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கல். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் 320-க்கு 200 படம் நான்குக்கு மூன்று விகிதத்தில் விரிந்தது. புள்ளி ஒவ்வொன்றும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூடுதல். சதுரப் புள்ளி கொண்ட புதிய திரையில் கணக்குப் பார்க்காமல் வட்ட நிலவு வரைந்தால், பழைய விகிதத்தில் அது முட்டையாக நீளும். எந்தத் திரைக்கு வரைகிறோம் என்று முதல் நாளே முடிவு செய்யாத குழு, ஐம்பது அறை முடிந்த பிறகு உட்கார்ந்து அழும்.

படம் முடிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர் அந்தப் பக்கம் போகாதவர். அதே படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத பல படலங்களைத் தீட்ட வேண்டும். கால் வைக்கலாம் என்ற பகுதிக்கு ஒரு நிறம். மவுஸ் தொட்டால் ‘ஏரி’ என்றும் ‘மரம்’ என்றும் பதில் சொல்லும் பகுதிகளுக்கு வெவ்வேறு நிறம். பாத்திரத்தை மறைக்க வேண்டிய மரத்தடிக்கு இன்னொரு நிறம். அதற்கு அடிக்கோடு ஒன்றும் இழுக்க வேண்டும். பாத்திரத்தின் பாதம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் மரத்துக்குப் பின்னால், கீழே வந்தால் முன்னால். 1984-ல் கிரஹாம் மரத்துக்குப் பின்னால் மறைந்ததும் கிட்டத்தட்ட இதே தந்திரத்தால்தான்; சியரா அதற்கென்றே தனியாக ஒரு முன்னுரிமைத் திரையை வைத்திருந்தது. கோடு இரண்டு புள்ளி தவறினால் கிரஹாமின் தொப்பி மரத்துக்குள்ளிருந்து முளைக்கும். மரம் நேராக நின்றால் பரவாயில்லை. வேர் பரப்பிச் சாய்ந்து நின்றால் எந்த உயரத்தில் கோடு போட்டாலும் ஒரு பக்கம் உதைக்கும். மரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கோடு போட வேண்டும், அல்லது வரைந்தவரிடம் போய் வேரை வெட்டச் சொல்ல வேண்டும். வரைந்தவர் இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் நடை. நான்கு திசைக்கு நான்கு வரிசை, மூலைவாட்டுக்கு இன்னும் நான்கு. இடப்பக்க நடையை வலப்பக்கத்திலிருந்து கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் வாள் எந்த இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே கால் எவ்வளவு நகர்கிறதோ, உடலும் அதே அளவு நகர வேண்டும். இல்லாவிட்டால் ஆள் பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். இதைத் தவிர்க்க, அசைவோடு நகர்வைக் கட்டும் வசதி ஏ.ஜி.எஸ்.ஸிலேயே உண்டு. தொலைவுக்குப் போனால் உருவம் சிறுக்க வேண்டும்; எந்திரம் அதைத் தானாகச் சுருக்கும்போது சில புள்ளி வரிகளை எடுத்துவிடும். கண் ஒரே ஒரு புள்ளி அளவு இருந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். கிரஹாம் குருடனாகக் குன்றேறுவான்.

இந்தக் கவனம் எல்லா ரசிகர் படைப்பிலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அழகான முன்னோட்டப் படங்கள் நாலைந்தைக் காட்டிவிட்டு மறைந்த திட்டங்கள்தான் அதிகம். வரைபவருக்குப் பரீட்சை வரும், நிரலாளருக்கு வேலை கிடைக்கும், இசையமைப்பவர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதை நிறுத்துவார். சம்பளம் இல்லாத இடத்தில் யாரையும் அதட்ட முடியாது. வேலையை முடித்த குழுக்களிடம் திறமைக்கு முன்னால் இருந்தது பிடிவாதம்.

மூலத்தின் நிரல் கையில் இல்லாமல் ரீமேக் செய்வது எப்படி என்று கேட்கலாம். ரசிகர்கள் அதற்கும் கருவி செய்து வைத்திருந்தார்கள். சியராவின் பழைய விளையாட்டுகள் படம், உருவம், ஒலி, தர்க்கம் என்று தனித்தனி வளங்களாகக் கோப்புகளில் கட்டப்பட்டவை. ஏ.ஜி.ஐ. ஸ்டுடியோ, எஸ்.சி.ஐ. ஸ்டுடியோ போன்ற கருவிகள் அந்தக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டின. அவிழ்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை: 1984-ன் பின்னணிகள் படங்களாகவே சேமிக்கப்படவில்லை. இங்கிருந்து அங்கே கோடு இழு, இந்த இடத்தில் பச்சை நிரப்பு என்ற கட்டளைகளாக இருந்தன. நெகிழ்வட்டில் இடம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. புதிதாக வரைபவருக்கு அதில் நகலெடுக்க எதுவும் கிடைக்காது; ஏரி எங்கே, மரம் எங்கே என்ற இருப்பிடம் மட்டும் கிடைக்கும். மீதி அவர் கைவரிசை.

தட்டச்சிலிருந்து மவுஸுக்கு மாறுவது வெளியிலிருந்து பார்க்கச் சின்ன விஷயம்போல் தெரியும். உண்மையில் விளையாட்டையே அது மாற்றிவிடும். தட்டச்சில் ஆட்டக்காரர் என்ன செய்யலாம் என்பதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்: பாறையைத் தள்ளலாமா, ஏறலாமா, அடியில் பார்க்கலாமா? கை ஐகானால் பாறையைத் தொட்டால், செய்ய வேண்டியதை விளையாட்டே செய்துவிடும். பாதிப் புதிர் அங்கேயே கரைந்துபோகிறது. இன்னொரு பக்கம், சரியான வினைச்சொல் கிடைக்காமல் அரைமணி நேரம் ஆங்கில அகராதியோடு மல்லுக்கட்டும் எரிச்சலும் போகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு அந்த எரிச்சல் இரட்டிப்பு.

இந்த இடத்தில் ஏ.ஜி.டி. குழு 2008 ஆகஸ்டில் வெளியிட்ட ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’ இரண்டாம் பாகம் பாடப்புத்தகம் மாதிரி. மூலத்தை வடிவமைத்தவர்கள் லோரி கோல், கோரி கோல் தம்பதி. அரபுக் கதைகளின் சாயலில் ஷபீர் என்ற பாலைவன நகரம். தீ, காற்று, மண், நீர் என நான்கு பூதங்கள் குறித்த நாட்களில் நகரத்தைத் தாக்க வரும். அதற்குள் அடக்க வேண்டும். நாயகன் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ இருக்கலாம். மூவருக்கும் தீர்வு வேறு. அதாவது ஒவ்வொரு புதிரையும் குறைந்தது மூன்று விதமாகச் செய்து, மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும். முதல் பாகத்தில் வளர்த்த நாயகனைக் கோப்பில் சேமித்து இங்கே கொண்டு வரலாம், முடித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்கு அனுப்பலாம். ரசிகர்கள் செய்த இரண்டாம் பாகம், சியராவின் 1992-ஆம் ஆண்டு ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தியது.

ஷபீரின் சந்துகள் பேர்போனவை. ஒன்றுபோலவே இருக்கும் நூற்றுக்கணக்கான திருப்பங்கள். பெட்டியோடு வந்த அச்சு வரைபடம் கையில் இல்லாதவர் அங்கே தொலைந்தார். கள்ளப்பிரதி எடுத்தவரை மாட்டவைக்கும் வழியும் அதுவே. ரீமேக் செய்கிறவருக்கு முதல் ஆசை சந்துகளைத் துடைத்தெறிவது. ஆனால் முதன்முறை ஊருக்குள் வந்த அந்நியனுக்கு வழி தெரியாமல் போவதுதான் ஷபீரின் சுவை. குழு இரண்டையும் வைத்துக்கொண்டது. ஆட்டம் தொடங்கும்போது பழைய சிக்கலான சந்து வேண்டுமா, எளிமையாக்கிய சந்து வேண்டுமா என்று ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம். உரையாடலிலும் இதே போக்கு. பட்டியலில் இருந்து கேள்வியைச் சொடுக்கலாம், அல்லது பழையபடி தட்டச்சு செய்தும் கேட்கலாம். சண்டை முறையை மட்டும் தயவு பார்க்காமல் புதிதாகக் கட்டினார்கள். அதில் இழக்க எதுவும் இல்லை என்பதே என் கருத்தும். குரல் மட்டும் கிடையாது. அத்தனை வசனத்தையும் ஒலிப்பதிவு செய்ய ஒரு நாடகக் கம்பெனியே வேண்டும்.

எல்லா முடிவையும் ஆட்டக்காரர் தலையில் கட்டுவது நழுவல் இல்லையா? சில இடங்களில் அப்படித்தான் தோன்றுகிறது. இதற்கு நேர்மாறான துணிச்சலை அதே குழு 2002-ல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ இரண்டாம் பாகத்தில் காட்டியது.

1985-ன் மூலத்தில் ஓர் ஆட்டம் கண்ட பாலம் உண்டு. குறிப்பிட்ட தடவைக்கு மேல் கடந்தால் இடிந்து விழும். அக்கரைக்குப் பலமுறை போயே ஆக வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்க ஒருமுறை கூடுதலாகப் போய் வந்தவருக்கு, பல மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம் எப்போதோ தோற்றுவிட்டது என்று தெரியும். ரசிகர்கள் இதை முட்டுச்சந்து என்பார்கள். போட்டி நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் ரான் கில்பர்ட் 1989-ல் இந்த வழக்கத்தைக் கிழித்து ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த ஆண்டே ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் ஆட்டக்காரர் முட்டிக்கொண்டு நிற்காத வடிவமைப்பைச் செய்தும் காட்டினார். ஏ.ஜி.டி.யின் முதல் பாகத்தில் முட்டுச்சந்து இல்லாமல் ஆடும் தெரிவு கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் கதையையே அவிழ்த்துக் கட்டினார்கள். மூலத்தில் வரும் டிராகுலா, கட்டையால் குத்திக் கொல்ல வேண்டிய வெறும் தடை. ரீமேக்கில் அவனிடத்தில் வரும் கால்டோர் பிரபு, துயரமும் கண்ணியமும் உள்ள ஆள்; நாயகனுக்கு உதவுகிறவன். ஆறாம் பாகத்தில் பின்னர் சியரா கோடிகாட்டிய கறுப்பு அங்கிச் சங்கத்தின் சதியை முன்கூட்டியே இங்கே இழுத்துவந்து முடிச்சுப் போட்டார்கள். தொடரின் பின்கதை தெரிந்த ரசிகரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். தெலுங்குப் படத்தைத் தமிழில் எடுக்கும்போது இடைவேளைக்குப் பிறகு வேறு கதை சொல்லும் இயக்குநர்போல. சிலருக்கு அது துரோகம். என் பார்வையில் இரண்டாம் பாகத்தின் மூலத்தில் தாங்கும் அளவுக்குக் கதை எதுவும் இல்லை, மாற்றியதால்தான் பிழைத்தது.

‘கிங்ஸ் குவெஸ்ட்’ மூன்றாம் பாகத்துக்கு இரண்டு ரசிகர் ரீமேக்குகள் உண்டு. இன்ஃபேமஸ் அட்வென்ச்சர்ஸ் குழு 2006-ல் ஒன்று, ஏ.ஜி.டி. 2011-ல் ஒன்று. ஒரே மூலத்தை இரண்டு கைகள் எப்படித் தொட்டன என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் நல்ல வாய்ப்பு இது. 1986-ன் மூலம் கடிகாரத்தோடு ஓடுவது. மனன்னன் என்ற மந்திரவாதியின் வீட்டில் அடிமையாக வளரும் பையன் நாயகன். கிழவன் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் மலையிறங்கி மந்திரப் பொருள்களைத் திரட்டி, அவன் வருவதற்குள் ஏறிவந்து ஒளித்துவைக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டால் சாம்பல். வளைந்து நெளியும் மலைப்பாதையில் ஓர் எட்டுப் பிசகினால் பள்ளம். மந்திரங்களைப் பெட்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பிழை உயிரை எடுக்கும். இதில் எது பயம், எது வெறும் தொல்லை? கடிகாரத்தை எடுத்தால் அடிமையின் பதற்றம் போய்விடும். மலைப்பாதையை அகலமாக்கினால் யாரும் கண்ணீர் விடப்போவதில்லை. மந்திரத்தைச் சொடுக்காக மாற்றினால் கையேட்டைப் புரட்டும் அந்த நடுக்கம் போய்விடும், அதே நேரத்தில் கள்ளப்பிரதி எடுக்காதவரை எழுத்துப்பிழைக்காகக் கொல்லும் அபத்தமும் போகும். பழகிய கைகள்கூட இதில் ஒத்துப்போகவில்லை. 2006-ன் ரீமேக் மூலத்தை ஒட்டியே நடந்தது. ஏ.ஜி.டி. வழக்கம்போல் கதையை விரித்து, தன் இரண்டாம் பாகத்தில் தொடங்கிய சதியோடு இணைத்தது.

இதெல்லாம் யாருடைய சொத்து என்ற கேள்வி இவர்கள் தலைக்குமேல் எப்போதும் தொங்கியது. ரசிகர் விளையாட்டை இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. சியராவின் உரிமையை அப்போது வைத்திருந்த விவெண்டி, ஏ.ஜி.டி.க்கு ரசிகர் உரிமம் கொடுத்தது: செய்யலாம், விற்கக் கூடாது. சியராவின் பெயரை நினைவூட்டிய டியெரா என்ற பெயரும் போனது. எல்லோருக்கும் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. ‘கிங்ஸ் குவெஸ்ட்’டின் ஒன்பதாம் பாகமாகத் தொடங்கிய ரசிகர் படைப்பு ஒன்றை 2005-ல் விவெண்டி நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதியபின், தொடரின் பெயரைத் தலைப்பில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அது ‘தி சில்வர் லைனிங்’ ஆனது. பிறகு விவெண்டியின் விளையாட்டுப் பிரிவு ஆக்டிவிஷனோடு இணைந்தது. 2010 பிப்ரவரியில் புதிய உரிமையாளர் மறுபடி தடை போட்டார். ஜூனில் தடை நீங்கியது. ஜூலையில் முதல் அத்தியாயம் வந்தது. நாலாவது அத்தியாயத்தோடு நின்றும்போனது. பல ஆண்டு உழைப்பு நான்கு மாதம் ஒரு வக்கீல் கடிதத்தில் தொங்கியதைப் பார்த்த பிற குழுக்கள், முடியும்வரை வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டன.

லூகாஸ் ஆர்ட்ஸ் என்று பெயர் மாறிய லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் பக்கம் ரசிகர்களின் வேலை வேறு விதமாகப் போனது. லூகாஸ்ஃபேன் கேம்ஸ் என்ற குழு 1987-ன் ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டை 2004-ல் 256 நிறத்தில் புதுப்பித்தது, ஏ.ஜி.எஸ்.தான் கருவி. புதிரில் பெரிதாகக் கை வைக்கவில்லை. அங்கே மூலம் அப்படிக் கெஞ்சவும் இல்லை. ‘மங்கி ஐலண்ட்’டை நிறுவனமே 2009-ல் புதுப்பித்தபோது ஒரு நல்ல தந்திரம் செய்தது: அடியில் 1990-ன் விளையாட்டே ஓடும், மேலே புதிய ஓவியம் போர்த்தியிருக்கும், ஒரு விசையைத் தட்டினால் போர்வை விலகிப் பழைய புள்ளிப்படம் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அருமை. ஆனால் போர்வைக்கு அடியில் எதையும் மாற்ற முடியாது. ஏ.ஜி.டி. செய்த மாதிரி ஒரு பாத்திரத்தையே வேறு ஆளாக்கும் துணிச்சலுக்கு அங்கே இடமில்லை, தேவையும் இல்லை.

இன்னொரு கூட்டம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டோம் என்று கிளம்பியது. லுட்விக் ஸ்ட்ரிகியஸ், வின்சென்ட் ஹாம் இருவரும் 2001-ல் தொடங்கிய ஸ்கம் வி.எம்., பழைய விளையாட்டின் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை ஓட்டும் எஞ்சினை மட்டும் புதிதாக எழுதியது. மூலத்தில் பிழை இருந்தால் பிழையும் வரும். 2003-ல் ரெவலூஷன் நிறுவனம் தன் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டை இலவசமாக வெளியிட்டபோது, அதை இன்றைய கணினியில் ஓட வைத்தவர்கள் இவர்கள்தான். ரீமேக்காரர்களும் பாதுகாப்பாளர்களும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டதுண்டு.

ரீமேக் செய்தே தொழில் கற்றவர்கள் சொந்தக் கடை போட்டார்கள். ஏ.ஜி.டி.க்காரர்கள் ஹிமாலயா ஸ்டுடியோஸ் என்ற பெயரில் 2006-ல் ‘அல் எம்மோ’வை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ‘மேஜஸ் இனிஷியேஷன்’, ‘குவெஸ்ட் ஃபார் குளோரி’யின் பாணியில் செய்தது, 2019-ல்தான் கடைக்கு வந்தது. இலவசமாகச் செய்தபோது எடுத்த காலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை! இன்ஃபேமஸ் குழு 2014-ல் ‘குவெஸ்ட் ஃபார் இன்ஃபமி’யை வெளியிட்டது, அதுவும் கோல் தம்பதியின் விளையாட்டுகளுக்குச் செலுத்திய கடன்தான், நாயகன் மட்டும் போக்கிரி. ஏ.ஜி.எஸ்.ஸைப் பிடித்துக்கொண்டு டேவ் கில்பர்ட்டின் வாட்ஜெட் ஐ நிறுவனம் முழுநேரத் தொழிலே நடத்துகிறது. எஞ்சினின் மூல நிரலை கிறிஸ் ஜோன்ஸ் 2011-ல் திறந்துவிட்டார்.

அந்தத் திறப்பு ரீமேக்குகளுக்கே கைகொடுத்தது. 2001-ல் எழுதிய நிரல் அன்றைய விண்டோஸை நம்பி எழுதியது. புதிய கணினிகளில் இருமத் தொடங்கிவிட்டது. 2021 அக்டோபரில் வந்த ஸ்கம் வி.எம். 2.5 பதிப்பு ஏ.ஜி.எஸ். விளையாட்டுகளையும் ஏற்றுக்கொண்டது. மாற்றமாட்டோம் என்ற கூட்டத்தின் எஞ்சினில், மாற்றியவர்களின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஓடுகிறது. பழைய ஏ.ஜி.எஸ்.ஸின் ஒவ்வொரு பதிப்பும் நடையை, எழுத்துருவை, ஒலியை எப்படிக் கையாண்டதோ, அதே குறையோடு திரும்பச் செய்ய வேண்டிய வேலை இப்போது அந்த நிரலாளர்களுடையது.